தொண்ணூறு ராத்தல் மூட்டை

மூட்டை பிறப்பது கனடாவின் புல்வெளியில், பைசன் மந்தைகள் மேய்ந்த மண்ணில். வேட்டை முடிந்தபின் பெரும்பாடெல்லாம் அந்த மண்ணின் கிரீ, மேட்டி இனப் பெண்களுக்குத்தான். இறைச்சியை மெல்லிய தகடாக அரிந்து வெயிலிலும் புகையிலும் உலர்த்துவார்கள். நம்மூர் உப்புக்கண்டம் மாதிரிதான். உப்பு மட்டும் கிடையாது. சருகாகக் காய்ந்ததைத் தோல்விரிப்பில் கொட்டிக் கல்லாலும் கட்டையாலும் இடித்துத் தூளாக்குவார்கள். பைசன் தோலில், ரோமம் வெளிப்பக்கம் இருக்கும்படி தைத்த பையில் அதை அடைத்து, உருக்கிய கொழுப்பை ஊற்றி வாயைத் தைத்துவிடுவார்கள். சூடு ஆறுவதற்குள் மிதித்துத் தட்டையாக்கினால்தான் தோணியில் அடுக்க வரும். சிலவற்றில் சஸ்கடூன் பழமும் சேரும். இதுதான் பெம்மிக்கன். மூட்டை 90 ராத்தல், ஏறக்குறைய 40 கிலோ. ஆண்டுக்கணக்கில் கெடாது.

இந்த மூட்டையை நம்பியிருந்தவர்கள் தோல் வியாபாரிகள். அவர்கள் தேடிய உயர்ந்த ரக பீவர் தோல் கிடைத்தது வடக்கே, அத்தபாஸ்காவில். 1778-இல் வியாபாரி பீட்டர் பாண்ட், தோணியைச் சுமந்து கடக்கவேண்டிய மெத்தாய் நிலவழியைத் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்தார். ஆறுகள் உறைவதற்குள் போகவேண்டும். வழியில் வேட்டையாட ஏது நேரம்? ஓர் ஆளுக்கு நாளுக்கு 8 ராத்தல் பச்சை இறைச்சி தேவைப்பட்ட இடத்தில் பெம்மிக்கன் இரண்டு ராத்தலுக்குள் அடங்கிவிடும். அதனால் சஸ்காச்சுவன் ஆற்றங்கரையில் கம்பர்லாந்து ஹவுஸ் போன்ற கிடங்குகளில் மூட்டைகள் குவிந்தன. வசந்தத்தில் தோணிகள் வந்து ஏற்றிக்கொண்டன.

பாறையும் அருவியும் குறுக்கிட்டால் தோணியைக் காலிசெய்து சுமக்கவேண்டும். நெற்றியில் மாட்டிய தோல்வாரில் முதுகுக்கு ஒரு மூட்டை, அதன்மேல் இன்னொன்று, ஆக 180 ராத்தல். குனிந்தபடி சேற்றிலும் பாறையிலும் ஓட்டமும் நடையுமாகப் போகிறவனுக்குக் கொசுவை விரட்டக்கூடக் கை ஒழியாது. கொஞ்ச தூரம் போய் இறக்கிவைத்து, ஒரு சுங்கான் புகைத்துவிட்டு, அடுத்த சுமைக்குத் திரும்ப வேண்டும். மெத்தாய் நிலவழி மட்டுமே சுமார் 20 கிலோமீட்டர். குடல் இறங்கிப் போனவர்கள் உண்டு, ஆற்றோடு போனவர்களும் உண்டு. சாப்பாடே சுமையாக இருந்ததில் ஒரு வசதி: தின்னத் தின்ன முதுகு இலேசாகும்.

தின்பதும் இலேசில்லை. வெட்டியெடுத்த துண்டை வெந்நீரில் கரைத்து, இருந்தால் ஒரு பிடி மாவு போட்டால் அது 'ரூபபூ' என்ற கஞ்சி. அவசரத்துக்கு அப்படியே கடித்துத் தின்பார்கள். ரோமமும் மணலும் பல்லில் நறநறக்கும். பயணக் குறிப்புகளில் இதைப் பற்றிய புலம்பல் ஏராளம். ஆனால் புலம்பியவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்த துரைமார்கள். துடுப்பு போட்டவர்களில் பெரும்பாலோர் எழுதத் தெரியாதவர்கள். அவர்கள் என்ன சொன்னார்களோ, காற்றோடு போயிற்று.

1793-இல் பசிபிக் கடலை நோக்கிப் போன அலெக்சாண்டர் மெக்கன்சி, திரும்பும் வழிக்கென்று ஒரு மூட்டையைக் குழிதோண்டிப் புதைத்தார். மேலே தீ மூட்டினாலும் கொழுப்பு உருகாத ஆழத்துக்குத் தோண்டியிருக்கிறார். நெருப்புச் சாம்பலுக்கடியில் உணவு இருக்கும் என்று யார் தேடப்போகிறார்கள்!

மூட்டை யார் கையில் இருக்கிறதோ வடக்கு அவர் கையில். 1814 ஜனவரியில் ரெட் ஆற்றுக் குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மெக்டொனல், தன் எல்லையிலிருந்து பெம்மிக்கன் வெளியே போகக் கூடாதென்று தடை போட்டார். தோல் வியாபாரம் செய்த வடமேற்குக் கம்பெனிக்கு அது கழுத்தைப் பிடித்த மாதிரி. மேட்டிகளுக்கோ பிழைப்பிலேயே கைவைத்த காரியம். பகை முற்றி, 1816 ஜூன் 19 அன்று, மூட்டைகளைக் கொண்டுபோன கத்பர்ட் கிராண்டின் மேட்டிகளுக்கும் புதிய ஆளுநர் ராபர்ட் செம்பிளின் ஆட்களுக்கும் செவன் ஓக்ஸில் மோதல் வெடித்தது. செம்பிளும் அவருடன் வந்தவர்களில் சுமார் இருபது பேரும் மாண்டார்கள்.

வடமேற்குக் கம்பெனிக்கும் அதன் போட்டிக் கம்பெனிக்கும் நடந்த சண்டையால் போதிய உணவு சேராமலே வடக்கே போனது ஜான் பிராங்க்ளினின் ஆய்வுக் குழு. 1821-இல் அவர்கள் பாறைப்பாசியையும் பழைய காலணித் தோலையும் தின்றார்கள். இருபது பேரில் பதினொருவர் திரும்பவில்லை. அதே ஆண்டு இரண்டு கம்பெனிகளும் இணைந்தன. மூட்டை வியாபாரம் அதன்பின்னும் ஓடியது, 1870-களின் இறுதியில் கனடாப் புல்வெளியில் பைசன் அற்றுப்போகும்வரை. அப்போது பட்டினியில் விழுந்தவர்கள் அந்தப் பையைத் தைத்த மக்கள்.