எழுமீனும் எழுமுனிவரும்

வடதிசை வானில் விளங்கும் மீன்கூட்டங்களுள், பண்டைக்காலந்தொட்டுப் பல நாட்டு மக்களானும் அறியப்பட்டதும், அவரவர் கதைகளுக்கு நிலைக்களனாயதும் எழுமீன் எனப்படும் கூட்டமேயாம். வடநூலார் இதனைச் சத்தவிருடி மண்டலம் என வழங்குவர். நற்றிணைப் பாட்டொன்று இதனைக் கைதொழப்படும் மரபினதாகக் கூறுதலின், சங்ககாலத் தமிழ்மக்கள் இதன்கண் தெய்வத்தன்மை கண்டு வணங்கினர் என்பது பெறப்படும். இம்மீன்கள் முனிவர் எனப் பெயர் பெற்றது எங்ஙனம்? இவற்றைப் பற்றிய கதைகள் முருகப்பெருமான் வரலாற்றோடு இயைந்தவாறு யாது? இவற்றைக் கொண்டு வகுத்த ஆண்டுக்கணக்கு வரலாற்றிற்கு எத்துணைப் பயன்பட்டது, எத்துணை இடர் விளைத்தது? என்னும் இவை ஈண்டு ஆராயப்படும்.

சித்திரை வைகாசித் திங்கள்களில் முன்னிரவில் வடக்கு நோக்கி நிற்பார்க்கு இக்கூட்டம் நன்கு புலப்படும். மேற்கே நான்கு மீன்கள் நாற்கோணமாக அமைய, ஏனை மூன்றும் கிழக்கு நோக்கி வளைந்து வால்போல் நீளும். கி. பி. ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தம் பிருகத் சங்கிதையின் 13-ஆம் அத்தியாயத்தில் இவற்றின் முறை கூறுகின்றார். கிழக்குக் கோடியில் நிற்பவர் மரீசி. அவர்க்கு மேற்கே வசிட்டர். பின்னர் அங்கிரசு, அத்திரி, புலத்தியர், புலகர், கிரது என்போர் முறையே நிற்பர். வசிட்டரைச் சார்ந்து அருந்ததி நிற்பாள். புலகரையும் கிரதுவையும் ஒரு கோட்டால் இணைத்து, அவ்விரண்டற்கும் உள்ள இடைவெளியினும் ஐந்து மடங்கு அக்கோட்டினை நீட்டின், அது துருவமீனின் அருகே சென்று சேரும். இதனாலன்றோ கடலோடிகள் இக்கூட்டத்தைத் திசைகாட்டியாகக் கொண்டனர்.

ஈண்டு ஒரு வேறுபாடு அறியற்பாலது. சதபதப் பிராமணத்தின் இறுதிப் பகுதியாகிய பிருகதாரணியக உபநிடதத்திற் கூறப்படும் எழுவர், கௌதமர், பரத்துவாசர், விசுவாமித்திரர், சமதக்கினி, வசிட்டர், காசியபர், அத்திரி என்போராவர். ஒவ்வொரு மநுவந்தரத்திற்கும் எழுமுனிவர் வெவ்வேறாவர் என்பது புராணக் கொள்கை. எனவே, எழுவர் என்னும் எண்ணே நிலைபெற்றது. பெயர்கள் நூலுக்கு நூல் மாறி வந்தன. இரண்டு வரிசையினும் வசிட்டரும் அத்திரியும் மாறாது நிற்றல் காண்க.

இம்மீன்கள் தொடக்கத்தில் முனிவர் எனப்பட்டில என்பதற்குச் சதபதப் பிராமணமே சான்று. எழுமுனிவர் முற்காலத்தில் ‘ருக்ஷர்’ என அழைக்கப்பட்டனர் என்று அந்நூல் கூறுகின்றது. ருக்ஷம் என்னும் சொற்குக் கரடி என்றும் விண்மீன் என்றும் இருபொருள் உண்டு. உயரத்தில் நிறுத்தப்பெற்று இரவிற் காணப்பட்டுப் பகலில் மறையும் ருக்ஷங்களைப் பற்றி இருக்கு வேதத்தின் முதல் மண்டலமும் பேசுகின்றது. கரடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய ‘ஆர்க்டோஸ்’ என்பதும் ருக்ஷம் என்பதும் ஒரே பழஞ்சொல்லினின்றும் பிறந்தன என்பது மொழிநூலார் துணிபு. கிரேக்கரும் இக்கூட்டத்தைக் கரடி என்றே வழங்கினர். வடமுனைப் பகுதியை ஆர்க்டிக் என்று கூறுதலும் இக்கரடியின் பெயராலேயாம். வேதத்துச் சொல்லுக்குக் கரடி என்பதே முதற்பொருளோ, விண்மீன் என்பதே முதற்பொருளோ என்பதில் அறிஞர் இருதிறப்படுவர்.

கிரேக்கர் கதை வருமாறு: கலிஸ்டோ என்னும் நங்கை சீயூஸ் என்னும் தேவர்தலைவனால் மகப்பெற்றாள். அது பொறாத அவன் தேவி ஹீரா அவளைக் கரடியாக்கினாள். அவள் மகன் ஆர்க்காஸ் வளர்ந்து வேட்டைக்குச் சென்றபோது தன் தாயென்றறியாது அக்கரடியைக் கொல்ல முயன்றான். சீயூஸ் அக்கொலை நேராவண்ணம் தடுத்து இருவரையும் வானில் நிறுத்தினன். பின்னும் சினந்தணியாத தேவி, கரடியைக் கடலிற் படிந்து நீராடவொட்டாதபடி தடுத்தாள் என்ப. உரோமானியப் புலவர் ஒவிட் இக்கதையை விரித்துரைத்தனர். இம்மீன்கள் கிரேக்க நாட்டில் அக்காலத்தே கடலடிவானுக்குக் கீழே மறையாமல் வடமுனையைச் சுற்றிவந்தமையே இக்கதைக்கு வித்தாயிற்று. அராபியரோ நாற்கோணத்தைப் பாடையாகவும், மூன்று மீன்களை அதன்பின் அழுதுசெல்லும் மகளிராகவும் கண்டனர். சீனர் இவ்வேழினையும் வடதிசை அகப்பை என்றனர். மீன்கள் ஒன்றே, காண்பார் உள்ளத்திற்கேற்பக் கதைகள் பலவாயின.

இனி, பாரத நாட்டுக் கதையின் தனிச்சிறப்பு, எழுமீனைக் கார்த்திகையோடு இணைத்தமையாம். கார்த்திகை மீன்கள் ஒருகாலத்தில் ருக்ஷரின் மனைவியராயிருந்தனர் என்றும், எழுவர் வடக்கேயும் இவர் கிழக்கேயும் உதித்தலால் தம்முட் கூட்டமிலராயினர் என்றும் சதபதப் பிராமணம் கூறும். கார்த்திகை கிழக்கினின்றும் வழுவாது என்றும் அது கூறும். இக்கூற்றினைக் கொண்டு சங்கர் பாலகிருஷ்ண தீட்சிதர் என்னும் மராட்டிய அறிஞர், கார்த்திகை நேர்கிழக்கே உதித்த காலம் ஏறத்தாழக் கி. மு. 3000 எனக் கணித்தார். அவர் நூல் 1896-இல் வெளிவந்தது. அக்கூற்று அத்துணை நுட்பமான அளவீடன்று என மறுப்பாரும் உளர். காலம் எதுவாயினும், வானிற் கண்ட ஒரு பிரிவே கதையிற் கணவன் மனைவியர் பிரிவாக உருப்பெற்றது என்பது தெளிவு.

மகாபாரதத்து வனபருவம் அப்பிரிவிற்குக் காரணங் காட்டுகின்றது. அக்கினியை விரும்பிய சுவாகாதேவி, முனிவர் மனைவியர் அறுவர் வடிவினை ஒருவர்பின் ஒருவராகக் கொண்டு அவனை அடைந்தாள். அருந்ததி வடிவை மட்டும் அவளாற் கொள்ளல் இயலவில்லை; அவளது தவமும் கற்பும் அத்தன்மையன. கந்தன் தோன்றிய பின்னர், பழியேதுமறியாத அவ்வறுவரையும் கணவர் துறந்தனர். அவர் கந்தனை அடைக்கலம் புகுந்து கார்த்திகையாய் வானிற் சேர்ந்தனர். பரிபாடலின் ஐந்தாம் பாட்டு இவ்வரலாற்றை வேறுவகையாற் கூறும். சிவபெருமானிடத்தினின்றும் தோன்றிய கருவை முனிவர் வேள்வித்தீயிற் பெய்ய, அதன் எச்சத்தை அருந்ததி யொழிந்த அறுவரும் உண்டு கருவுற்றனர் என்பது அது. அங்ஙனம் கருவுற்றபோதும் அவர் தம் நிறையின் வழுவினாரல்லர் என்று அப்பாட்டுத் தெளிவாக உரைக்கின்றது. வடமொழிக் கதையில் அறுவர்க்கு நேர்ந்த பழி தமிழ்ப்பாட்டில் இல்லை. கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்திலோ முனிவர் மனைவியர் பேச்சே இல்லை. இறைவன் நெற்றிக்கண்ணினின்றும் தோன்றிய ஆறு பொறிகள் சரவணப் பொய்கையிற் குழவிகளாக, கார்த்திகை மாதர் அறுவரும் பாலூட்டும் தாயராகின்றனர். துறக்கப்பட்ட மனைவியர் என்னும் நிலையினின்றும் வணங்கப்படும் தாயர் என்னும் நிலைக்கு அவர் உயர்ந்த வரலாறு, இம்மூன்றினையும் வரிசைப்படுத்தி நோக்குவார்க்கு இனிது விளங்கும்.

கணவரோடு வடக்கே நின்றவள் அருந்ததி ஒருத்தியே. ஆதலின் ‘வடமீன்’ என்னும் சொல் தமிழிற் கற்பிற்கு மறுபெயராயிற்று. புறநானூற்றிற் கபிலர் மலையமான் திருமுடிக்காரியின் தேவியை வடமீனோடு ஒப்பிட்டனர். பெரும்பாணாற்றுப்படை இதனையே ‘சிறுமீன்’ என்றது. அச்சொல் பொருத்தமுடைத்து; என்னை? வசிட்ட மீனினும் அருந்ததி ஒளி மிகக் குறைந்தது, கூர்ந்து நோக்குவார்க்கே புலனாவது. முதலிற் பெரிய மீனைக் காட்டி, அதன்வழிச் சிறியதனைக் காட்டும் முறையே சாத்திர உரைகளில் தூலாருந்ததி நியாயம் எனப்படும். அராபியர் இச்சிறுமீனைச் சுஹா என்று பெயரிட்டுக் கண்ணொளியைச் சோதிக்கும் கருவியாகக் கொண்டனர். ஒருநாட்டார் கண்ணிற்குக் கொண்ட அளவுகோலை மற்றொரு நாட்டார் மணவினையிற் கற்பிற்குக் கொண்டனர்.

இனி ஆண்டுக்கணக்கினை நோக்குவாம். எழுமுனிவர் ஒவ்வொரு நட்சத்திரத்தினும் நூறாண்டு தங்குவர் என்றும், 27 நட்சத்திரங்களையும் 2,700 ஆண்டுகளிற் சுற்றிவருவர் என்றும் ஒரு கொள்கை புராணங்களிற் காணப்படும். யுதிட்டிரன் ஆண்டபோது அவர் மகத்தில் நின்றனர் என்றும், சக ஆண்டுடன் 2526 கூட்ட அவ்வரசன் காலம் பெறப்படும் என்றும் வராகமிகிரர் எழுதினார். இக்கணக்கின்படி யுதிட்டிரன் காலம் கி. மு. 2449 ஆகும். காசுமீரத்தார் கி. மு. 3076-இல் தொடங்கும் ஒரு சத்தவிருடி ஆண்டினை வழங்கினர். லௌகிக ஆண்டு என்பதும் அதுவே. நூற்றெண்ணை விடுத்து எஞ்சிய ஆண்டெண்ணை மட்டும் குறித்தல் அவர் வழக்கு.

ஆயின், எழுமீனும் நட்சத்திரங்களும் ஒருங்கே நிலைமீன்களாதலின், எழுமீன் ஒரு நட்சத்திரத்தை விட்டு மற்றொன்றிற்கு நூறாண்டிற் செல்லுதல் கண்கூடாக நிகழ்வதன்று. அற்றேல், அயனம் பிறழ்தலால் நிகழும் எனின், அதுவும் பொருந்தாது. அயனம் ஒரு பாகை பிறழ ஏறத்தாழ 72 ஆண்டு வேண்டுமாதலின், 13 பாகை 20 கலையுடைய ஒரு நட்சத்திரத்தைக் கடத்தற்கு 960 ஆண்டு செல்லும். கி. பி. 1030-ஐ அடுத்துப் பாரத நாட்டைப் பற்றி நூலெழுதிய அல்பெரூனி, சக ஆண்டு 951-க்குரிய காசுமீரப் பஞ்சாங்கம் ஒன்றைக் கண்டார். எழுமுனிவர் 77 ஆண்டுகளாக அனுடத்தில் நிற்கின்றனர் என அதிற் கண்டிருந்தது. வானில் நோக்கியபோதோ அவர் அவ்விடத்தினின்றும் ஓர் இராசிக்கு மேற்பட்ட தொலைவில் நின்றமையை அல்பெரூனி எடுத்துக் காட்டினார்.

இப்பிழை ஏட்டளவில் நின்றொழிந்ததன்று. கி. பி. 1148-இல் இராசதரங்கிணியை இயற்றத் தொடங்கிய கல்ஹணர், வராகமிகிரர் கணக்கினை மேற்கொண்டு, பாண்டவர் காலம் கலி 653 எனத் துணிந்தார். காசுமீரத்து முதற் கோனந்தன் யுதிட்டிரன் காலத்தவன் என்பது அவர் கொண்ட மரபு. எனவே கி. மு. 2449 தொடங்கித் தம் காலம் வரையுள்ள ஆண்டுகளையெல்லாம் கிடைத்த அரசர் பெயர்களாலே நிரப்பவேண்டிய கட்டாயம் அவர்க்கு நேர்ந்தது. ரணாதித்தன் என்னும் அரசன் ஒருவனே 300 ஆண்டு ஆண்டான் என அந்நூலிற் காணப்படுதல் இதன் விளைவென்ப. கல்ஹணர் பொய்யுரைப்பவர் அல்லர். கல்வெட்டுகளையும் பட்டயங்களையும் தேடி நோக்கியவர். தொடக்கத்திற் கொண்ட ஓரெண் பிழைபடவே, அதன்மேற் கட்டிய கட்டிடமும் சாய்ந்தது.

இது கொண்டு சத்தவிருடி ஆண்டினை முற்றும் தள்ளுதலும் ஆகாது. அதே நூலில் லௌகிக ஆண்டு 3889, அதாவது கி. பி. 813 தொடங்கி வரும் காலக்குறிப்புகள் வரலாற்றாசிரியர்க்குப் பெருந்துணையாயின. ஆண்டுகளை எண்ணுதற்கு வகுத்த கருவி என்னும் அளவில் அக்கணக்குச் செம்மையுடைத்து. மீன்கள் இயங்குதலைக் கண்டு எழுதியது எனக் கொண்டவிடத்தே அது பழுதாயிற்று. எண்ணுங் கருவி வேறு, எண்ணப்படும் பொருள் வேறு என்பதனை மறந்தமையே பிழைக்கு வேர்.

பிற்காலத்துத் தொலைநோக்கி இம்மீன்களைப் பற்றிப் புதுச் செய்திகளை வெளிப்படுத்தியது. வசிட்ட மீன் ஒன்றன்று, இரட்டை என்பதை 1617-இல் கலிலியோவின் மாணாக்கர் கஸ்டெல்லி கண்டார். 1889-இல் பிக்கரிங் அவ்விரட்டையுள் ஒன்று தானும் இரட்டை என ஒளிப்பகுப்பினால் அறிவித்தார். மற்றொன்றும் அத்தகையதே என்பது 1908-இல் அறியப்பட்டது. அருந்ததிக்கும் ஓர் ஒளிகுறைந்த துணை உண்டென்பது 2009-இல் புலனாயிற்று. ஆக, கண்ணிற்கு இரண்டாய்த் தோன்றுவன ஆறு மீன்களாம். இன்னும், எழுவருள் இடைநின்ற ஐவரும் ஏறத்தாழ 80 ஒளியாண்டுத் தொலைவில் ஒருதிசை நோக்கி ஒருங்கே செல்கின்றனர் என்பதும், இருகோடியினும் நிற்கும் மரீசியும் கிரதுவும் நூறு ஒளியாண்டிற்கு அப்பால் தத்தம் வழியே செல்கின்றனர் என்பதும் 1869-இல் பிராக்டர் தொடங்கிய ஆராய்ச்சியின் பயன். ஆதலின் இவ்வுருவமும் நெடுங்காலத்திற் சிதைவதே. எழுமுனிவர் உண்மையில் இயங்குகின்றனர். ஆயின் அவ்வியக்கம் நூறாண்டில் நட்சத்திரம் கடப்பதன்று, கண்ணாற் காணவொண்ணாத மெல்லிய இயக்கமாம்.

இச்செய்திகளைக் காட்டி முன்னோர் இவையனைத்தையும் அறிந்திருந்தனர் எனப் புனைந்துரைத்தல் அவர்க்குப் புகழாகாது. வெறுங்கண்ணால் அச்சிறுமீனைப் பிரித்துக் கண்டு, பெயரிட்டு, மணமக்களுக்குக் காட்டி, தலைமுறைதோறும் போற்றிவந்தமையே அவர்க்கு மெய்ப்புகழ். காட்சி, கருதல், உரை என அளவைகளை மூன்றாக வகுத்தவர் அவற்றிற்கு எல்லையும் வகுத்தனர். மீன் எங்கு நிற்கின்றது என்பது காட்சிக்கும் கணக்கிற்கும் உரியது. கற்பும் தாய்மையும் எத்தகையன என்பது உரைக்கு உரியது. இரண்டும் தத்தம் எல்லையில் நிற்பின் ஒன்றையொன்று பகையா. ரணாதித்தனுக்கு 300 ஆண்டு வாழ்நாள் அளிக்க வேண்டுவதில்லை. கார்த்திகை மாதர்க்கு விளக்கிடுதலை ஒழிக்க வேண்டுவதுமில்லை.