கௌபாய் ஃபெல்ட் தொப்பி
விலங்கு ரோமத்தை நெய்யாமல், ஈரமும் சூடும் அழுத்தமும் கொடுத்துச் சிக்கவைத்து ஆக்கிய ஃபெல்ட்டால் செய்யப்படும், அகன்ற விளிம்புள்ள அமெரிக்கத் தொப்பி. 1865-இல் ஃபிலடெல்ஃபியாவில் தொழில் தொடங்கிய ஜான் பி. ஸ்டெட்சன் விற்ற ‘பாஸ் ஆஃப் த பிளெயின்ஸ்’ இதன் முன்னோடி. அதன் மேற்கூடு மடிப்பின்றி உருண்டையாகவும் விளிம்பு தட்டையாகவும் இருந்தன. குழிவும் வளைவும் அணிந்தவர்களின் கைவேலை.

இன்றும் முறை ஏறக்குறைய அதேதான். நீராவியில் காட்டினால் ஃபெல்ட்டில் ஏற்றிய விறைப்புப் பசை இளகும். அப்போது விரலால் குழித்து, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். உச்சியில் நடுவே ஒன்றும் இருபக்கமும் ஒவ்வொன்றுமாக மூன்று நீள்குழிவுகள் கொண்ட ‘கேட்டில்மேன்’ மிகப் பரவலான வடிவம். முன்மடிப்பைக் கிள்ளியே தூக்கும் பழக்கம் இருந்தால் ஃபெல்ட் அங்கே நைந்து வெடிக்கும். கழற்றி வைக்கும்போது கவிழ்த்து வைத்தால் விளிம்பின் வளைவு கெடும். மல்லாத்தி வைப்பதே சரி.

பீவர், முயல் ரோமத் தொப்பிகள் மழையைத் தாங்கும். ஆட்டுக் கம்பளி ஃபெல்ட் மலிவு. நனைந்தால் சுருங்கும், உருக்குலையும். உள்ளே அச்சிட்ட ‘எக்ஸ்’ எண் தரத்தைச் சொல்வதாகக் கருதப்பட்டாலும் அதற்குப் பொது அளவுகோல் இல்லை. ஒரு நிறுவனத்தின் 10 எக்ஸை இன்னொன்றின் 10 எக்ஸோடு ஒப்பிட்டு விலை பேசுவது வீண்.