நட்டம் நாட்டுக்கு, வங்கி வெளியாருக்கு

மெக்சிகோவின் பெரிய வங்கிகளில் பெரும்பாலானவை மூன்றே ஆண்டுகளில் வெளிநாட்டார் கைக்குப் போயின. 2000-இல் பன்கோமர் ஸ்பெயினின் பிபிவிஏ வசமானது. அதே ஆண்டில் செர்ஃபின் வங்கியை மற்றொரு ஸ்பானிய வங்கியான சான்டான்டர் வாங்கியது. 2001-இல் பனமெக்ஸை 1,250 கோடி டாலருக்கு அமெரிக்காவின் சிட்டி குழுமமும், 2002-இல் பிடால் வங்கியை பிரிட்டனின் எச்எஸ்பிசியும் எடுத்துக்கொண்டன. இதை ஸ்பெயின் தன் பழைய காலனியை மீண்டும் பிடித்த கதையாகச் சொல்வதுண்டு. ஒரே மொழி ஸ்பானிய வங்கிகளுக்கு உதவியது உண்மைதான். ஆனால் சிட்டிக்கும் எச்எஸ்பிசிக்கும் அந்த உறவு இல்லை. அவையும் அதே வாசல் வழியாகத்தான் நுழைந்தன. அந்த வாசலைத் திறந்துவைத்தவை மெக்சிகோ அரசின் சொந்த முடிவுகள் என்பதே வரலாறு காட்டும் உண்மை.

1982 செப்டம்பர் 1 அன்று, பதவிக்காலம் முடிய மூன்று மாதமே இருந்த நிலையில், அதிபர் லோபெஸ் போர்த்தியோ தனியார் வங்கிகளை நாட்டுடைமையாக்கினார். பத்தாண்டுக்குள் காற்று திசை மாறியது. அதிபர் சலினாஸின் ஆட்சி 1991-92-இல் 18 வங்கிகளை ஏலம் விட்டது. கருவூலத்துக்கு அதிக விலையே குறியாக இருந்ததால், சராசரியாகப் புத்தக மதிப்பைப் போல மூன்று மடங்கு விலை கிடைத்தது. வாங்கியவர்களில் பங்குத் தரகு நிறுவன முதலாளிகள் பலர். கடன் கேட்பவரை எடைபோடும் அனுபவம் அவர்களிடம் குறைவு. போட்ட முதலை விரைவில் மீட்கக் கடனை அள்ளி வழங்கினார்கள். வைப்புத்தொகைக்கு ஃபோபப்ரோவா என்ற அரசு நிதியம் பொறுப்பேற்றிருந்ததால், பணம் போட்டவர்களுக்கும் வங்கியைக் கண்காணிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. லாபம் முதலாளிக்கு, ஆபத்து அரசுக்கு என்ற ஏற்பாடு அப்போதே உருவாகிவிட்டது.

1994 டிசம்பரில் மெக்சிகோ நாணயமான பெசோ சரிந்தது. 1995 மார்ச்சில் வங்கிகளுக்கிடையிலான வட்டி 80 சதவீதத்தைத் தாண்டியது. வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்குக் கட்ட முடியாத வட்டி அசலோடு சேர்ந்து, வீட்டின் விலையையே மிஞ்சும் அளவுக்குக் கடன் வளர்ந்தது. 1993-இலேயே ஹலிஸ்கோ மாநில விவசாயிகள் டிராக்டர்களை ஓட்டிவந்து குவாதலஹாரா நகர மையத்தில் நிறுத்தித் தொடங்கிய எல் பர்ஸோன் போராட்டத்தில் இப்போது நகரத்து நடுத்தர வர்க்கமும் சேர்ந்தது. அரசோ வங்கிகளின் வாராக்கடன்களை ஃபோபப்ரோவா வழியாக ஏற்றுக்கொண்டது. 1998-இல் 55,200 கோடி பெசோ பொறுப்பைப் பொதுக்கடனாக்கும்படி நாடாளுமன்றத்திடம் கேட்டது. அந்தச் சுமையைப் பொதுமக்கள் தலையில் ஏற்றிய அதே வேளையில்தான், பெரிய வங்கிகளை வெளிநாட்டார் வாங்குவதற்கு இருந்த கடைசித் தடையும் நீங்கியது.

வேறு வழி ஏது, மூலதனம் உள்நாட்டில் இல்லையே என்று கேட்கலாம். அதில் நியாயம் உண்டு. புதிய உரிமையாளர்கள் மூலதனத்தோடும் கடுமையான கடன் பரிசீலனையோடும் வந்தார்கள், 2008 நெருக்கடியில் மெக்சிகோவின் வங்கிகள் நிலைகுலையவில்லை. ஆனாலும் வெளிநாட்டு உரிமை தானாகவே உறுதியைத் தந்துவிடாது. அர்ஜென்டினாவில் 2001 நெருக்கடிக்குப் பின் கனடாவின் ஸ்கோஷியா வங்கியும் பிரான்சின் கிரெடி அக்ரிகோலும் தங்கள் கிளை நிறுவனங்களைக் கைவிட்டு வெளியேறின. உள்நாட்டு இணைப்பு என்ற யோசனையும் மெக்சிகோவில் எழாமல் இல்லை. 2000-இல் பன்கோமரை வாங்க பனமெக்ஸே போட்டியிட்டுத் தோற்றது. அது வென்றிருந்தால் சந்தையின் பெரும்பகுதி ஒரே வங்கியிடம் குவிந்திருக்கும் என்ற அச்சமும் சரியானதே.

ஆகவே வாங்கியவர் எந்த நாட்டவர் என்பதைவிட, விற்பனைக்கு முன் நட்டத்தை யார் சுமந்தார், பின்னால் லாபத்தை யார் பெற்றார் என்பதே முக்கியம். அண்மை ஆண்டுகளில் பிபிவிஏ குழுமத்தின் மிகப் பெரிய லாபம் மெக்சிகோவிலிருந்தே வருகிறது. பொதுப்பணத்தால் ஒரு வங்கியைக் காப்பாற்றும் அரசு, அது பிழைத்தெழுந்தபின் கிடைக்கும் ஆதாயத்திலும் மக்களுக்கு ஒரு பங்கை எழுதி வாங்கியிருக்க வேண்டும். மெக்சிகோ அரசு செய்யத் தவறியது இதைத்தான்.