கத்துக்குட்டிகள் ஓட்டிய ஏழு நாள்

நீங்கள் கடைசியாக எப்போது சைக்கிள் ஓட்டினீர்கள்?

பத்து வருடம் இருக்குமா? இருபது? சின்ன வயதில் குரங்குப் பெடல் போட்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்டதோடு சரி என்பவர்களும் இருப்பீர்கள். போகட்டும். இப்போது ஒருவர் வந்து, 'ஏழு நாள், எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் சைக்கிளில் போகணும். மலை உண்டு, எதிர்க்காற்று உண்டு. ராத்திரி டெண்ட்டில்தான் தூக்கம். பரிசு, பதக்கம் எதுவும் கிடையாது. அதோடு, தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டு ஆயிரக்கணக்கான டாலர் நன்கொடையும் வசூலித்து வரணும்' என்று கூப்பிட்டால்?

'ஆளை விடுப்பா' என்போம்.

1994-ல் 478 பேர் 'சரி' என்றார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பி லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர வேண்டும். பயணத்தின் பெயர் கலிஃபோர்னியா எய்ட்ஸ் ரைட். வந்தவர்களில் பலர் சைக்கிள் வீரர்கள் இல்லை. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பழகிய சாதாரண ஜனம்.

எந்தத் தைரியத்தில் வந்தார்கள்?

அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் 25 வயது முதல் 44 வயது வரை உள்ளவர்களைக் கொன்ற காரணங்களில் அப்போது முதலிடம் எய்ட்ஸுக்கு. இன்றைக்கு நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கும் கூட்டு மருந்துகள் 1996 வாக்கில்தான் பரவலாக வந்தன. அதுவரை நண்பன், தம்பி, பக்கத்து வீட்டுக்காரன் என்று ஒவ்வொருவராக உருக்குலைந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. எதையாவது செய்யணும். ஆனால் எதை? கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்களுக்கு 'உடம்பை வருத்து, காசு திரட்டு' என்று ஒரு மனிதர் வழி காட்டினார்.

அவர் டான் பலோட்டா. 1983-ல் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தபோதே, சுமார் நாற்பது மாணவர்களைத் திரட்டி, மேற்கே சியாட்டிலிலிருந்து கிழக்கே பாஸ்டன் வரை அமெரிக்காவைக் குறுக்காக சைக்கிளில் கடந்தவர். உலகப் பசிக்கு எதிராக ஆக்ஸ்ஃபாம் அமைப்புக்கு நிதி திரட்டிய பயணம் அது. அதில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: ஐந்து டாலர் போட்டுவிட்டுப் போங்கள் என்றால் ஐந்து டாலர்தான் வரும். உன்னால் முடியாத ஒன்றைச் செய் என்றால், மனுஷன் ஊரையே திரட்டிக்கொண்டு வந்து நிற்பான்.

கணக்கு தப்பவில்லை. முதல் வருடமே பத்து லட்சம் டாலருக்கு மேல் வசூல். பிறகு பாஸ்டன் – நியூயார்க், பிலடெல்ஃபியா – வாஷிங்டன் என்று பயணங்கள் பெருகின.

சரி, ஒரு கத்துக்குட்டியை எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டவைப்பது எப்படி? அங்கேதான் சங்கதி இருக்கிறது.

முதல் எதிரி மலை இல்லை, சீட்! பழக்கமில்லாதவர் நாள் முழுக்க உட்கார்ந்தால் மறுநாள் உட்காரும் இடமே புண். மெத்தை வைத்த டிராயரும் களிம்பும் இல்லாமல் ஆகாது. ஏற்றத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கக் கூடாது, கியரை இறக்கி, காலை லேசாகச் சுழற்ற வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும். இதெல்லாம் பல மாதப் பயிற்சியில் சொல்லித்தரப்பட்டது.

பாதையில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு நிறுத்தம். தண்ணீர், வாழைப்பழம், கழிப்பறை, முதலுதவி, பஞ்சர் ஒட்ட மெக்கானிக். மூட்டை முடிச்சை லாரி சுமந்து போய்விடும். சாயங்காலம் போய்ச் சேர்ந்தால் வெந்நீர்க் குளியலும் சூடான சாப்பாடும். முடியவில்லையா? வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். இது பந்தயம் இல்லை, கடைசியில் வருபவருக்கும் கைத்தட்டல் உண்டு. மூன்றாம் நாள் வழியில் ஒரு பொல்லாத மேடு. பெயரே 'குவாட்பஸ்டர்', அதாவது தொடையை முறிப்பது! கூட்டத்தில் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களும் இருந்தார்கள். ஒளியவில்லை. வண்டியில் ஆரஞ்சு நிறக் கொடி கட்டிக்கொண்டு ஓட்டினார்கள்.

எல்லாம் சரி. இந்த வாழைப்பழத்துக்கும் லாரிக்கும் யார் காசு கொடுப்பது?

கேள்வி வந்தது. பலோட்டா தன் அமைப்பை ஒரு கம்பெனியாகவே நடத்தினார். நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். ஒன்பது ஆண்டுகளில், மார்பகப் புற்றுநோய்க்கான நடைப்பயணங்களையும் சேர்த்து, 1,82,000 பேர் கலந்துகொண்டு 58 கோடி டாலர் திரட்டியதாகக் கணக்கு சொன்னார். ஆனால் செலவு போக மிஞ்சியது சுமார் 30 கோடிதான். 'நோயாளிக்கென்று கொடுத்த காசு டெண்ட்டுக்கா போகிறது?' என்று கொதித்தார்கள். நியாயமான கோபம்தானே? சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சல்ஸ் அமைப்புகள் விலகி, 2002-ல் 'எய்ட்ஸ்/லைஃப்சைக்கிள்' என்று சொந்தமாகப் பயணம் தொடங்கின. அதே வருடம் பலோட்டாவின் கம்பெனி மூடப்பட்டது. 350 பேருக்கு ஒரே நாளில் வேலை போயே போச்சு.

புதிய பயணம் 545 மைல். இருபது வருடத்துக்கு மேல் வெற்றிகரமாக ஓடியது. ஒரு நாள் எல்லோரும் சிவப்பு உடுத்தி வருவார்கள். குன்றுகளின் நடுவே வளைந்து போகும் அந்த வரிசை, தூரத்திலிருந்து பார்த்தால் எய்ட்ஸின் அடையாளமான சிவப்பு ரிப்பன் போலவே இருக்கும். 1994-லிருந்து கணக்கிட்டால் இந்தக் கலிஃபோர்னியாப் பாதை தந்தது 30 கோடி டாலருக்கும் மேல்.

முடிவு என்ன ஆனது தெரியுமா? கொரோனாவுக்குப் பிறகு வருபவர்கள் குறைந்தார்கள், செலவு ஏறியது. 2025 ஜூனில் கடைசிப் பயணம். செலவு அதிகம் என்று பிரிந்து வந்தவர்களையும் அதே செலவுதான் நிறுத்தியது!

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. மாசசூசெட்ஸில் 1980-ல் 36 பேரோடு தொடங்கிய பான்-மாஸ் சேலஞ்ச், டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்காக இன்றும் ஓடுகிறது. செலவைப் பதிவுக் கட்டணமும் விளம்பரதாரர்களும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஓட்டுபவர் திரட்டும் தொகை முழுசாக மையத்துக்குப் போகிறது. ஆக, செலவு அங்கேயும் இருக்கிறது. அது எந்தப் பையிலிருந்து போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

கெட்டிக்காரச் சைக்கிள்காரர்களை மட்டும் கூப்பிட்டிருந்தால் இவ்வளவு செலவே ஆகியிருக்காது. நாலு பேர் பாட்டுக்கு ஓட்டிவிட்டுப் போயிருப்பார்கள். யாருக்கும் தெரிந்திருக்காது. பக்கத்து சீட்டில் வேலை பார்க்கும் தொந்தி வைத்த மனுஷன் 'நான் லாஸ் ஏஞ்சல்ஸ் வரை மிதிக்கப் போறேன்' என்று சொன்னபோதுதான் ஆபீஸே நிமிர்ந்து பார்த்தது. 'உனக்கு என்னப்பா ஆச்சு?' என்று கேட்டது. அவர் காரணத்தைச் சொன்னார். வெளியே சொல்லவே வெட்கப்பட்ட ஒரு நோயின் பெயர், அப்படித்தான் சாப்பாட்டு மேஜை வரை வந்து சேர்ந்தது.

அந்த வாழைப்பழத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? செலவிலா, வரவிலா?