துரோகியின் மகன் தந்த முட்டைக்கோஸ்

ஊறுகாய் போடுவதற்காக ஆபீஸில் போனஸ் கொடுப்பார்கள் என்றால் நம்புவீர்களா? தென் கொரியாவில் கொடுத்தார்கள். 1970, 80-களில், நம்மூர் தீபாவளி போனஸ் மாதிரி, குளிர்காலம் தொடங்கும் முன் பல கம்பெனிகள் தொழிலாளர்களுக்குத் தனியாக ஒரு தொகை கொடுத்தன. அதற்குப் பெயரே ‘கிம்ஜாங் போனஸ்’!

கிம்ஜாங் என்பது குளிர்காலத்துக்காகக் குடும்பமே உட்கார்ந்து கிம்ச்சி போடும் வைபவம். நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் வாரங்கள் வரை சீஸன். அதற்குப் பிறகு நிலம் கல்லாக உறைந்துவிடும். ஒரு கீரை முளைக்காது. மார்ச் வரை வீட்டில் பச்சையாக எதையாவது சாப்பிட வேண்டுமென்றால், இப்போதே போட்டு வைத்தால்தான் உண்டு. 1849-ல் எழுதப்பட்ட ஒரு கொரிய நூல், பண்டிகைகளையும் வழக்கங்களையும் மாதவாரியாகச் சொல்லிக்கொண்டே வந்து, ஒரு வீட்டுக்கு வருடத்தில் பெரிய வேலைகள் இரண்டே என்கிறது. ஒன்று, சோயா விழுது தயாரிப்பது. இன்னொன்று, கிம்ஜாங்.

வேலை என்றால் கொஞ்சநஞ்ச வேலை இல்லை! கொரியர்கள் முட்டைக்கோஸை நூறு நூறாகத்தான் எண்ணுவார்கள். நூறு கொண்டது ஒரு ‘ஜொப்’. பெரிய குடும்பத்துக்குக் குறைந்தது ஒரு ஜொப் வேண்டும். நம்மூர் உருண்டைக் கோஸ் அல்ல. முழங்கை நீளத்துக்கு, இலை இலையாக வெளிறிய மஞ்சளில் இருக்கும் ‘பெச்சு’. ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பிளந்து, உப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப் போடுவார்கள். காலையில் இலைகள் துவண்டு, மடக்கினால் உடையாமல் வளையும். அதுதான் பதம். பிறகு ஐஸாகக் குளிர்ந்த தண்ணீரில் மூன்று நான்கு தடவை அலசி வடியவிட வேண்டும். கை விறைத்துப் போகும்.

மசாலா தனி. மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, நறுக்கிய முள்ளங்கி, வெங்காயத்தாள், கூடவே உப்பில் புளித்த குட்டி இறால். எல்லாவற்றையும் பிசைந்து, முட்டைக்கோஸின் ஒவ்வொரு இலைக்கு நடுவிலும் தடவி, வெளி இலையால் பொட்டலம் மாதிரி சுற்றி ஜாடியில் அடுக்குவார்கள். தனி ஆளாகச் செய்து மாளாது. அதனால் இன்று என் வீடு, நாளை உன் வீடு என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு வருவார்கள். உப்பு போதுமா, பூண்டு தூக்கலா என்று அங்கே கடைசித் தீர்ப்பு சொல்கிறவர் மாமியார். (இந்த விஷயத்தில் கொரியா ஒன்றும் வெளிநாடு இல்லை!) ஆண்களுக்கு வேலை, கொல்லையில் குழி தோண்டுவது. சாயங்காலம் வேகவைத்த பன்றி இறைச்சியோடு அன்றைக்குப் போட்ட புதுக் கிம்ச்சியைச் சுற்றி எல்லோரும் சாப்பிட்டுக் கலைவார்கள்.

குழி எதற்கு? ஜாடியைப் புதைக்க. மண் ஜாடிக்குக் கொரிய மொழியில் பெயர் ‘ஓங்கி’. கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்துவிட்டால், மேலே மைனஸ் பத்து டிகிரி அடித்தாலும் மண்ணுக்குள் குளிர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். கிம்ச்சி உறையவும் உறையாது, சீக்கிரம் புளித்தும் போகாது. தயிரைத் தோய்க்கிற நுண்ணுயிரின் சொந்தக்காரர்கள் உள்ளே மெதுவாக வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஃப்ரிஜ் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே பாட்டிமார்கள் கண்டுபிடித்த ஃப்ரிஜ்!

பழக்கம் பழசுதான். யி க்யூபோ என்ற கவிஞர், 13-ம் நூற்றாண்டிலேயே, குளிர்காலத்துக்காக முள்ளங்கியை உப்பில் போடுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கிம்ச்சியில் சிவப்பே கிடையாது. மிளகாய் பிறந்தது அமெரிக்கக் கண்டத்தில். போர்ச்சுகீசியக் கப்பல்கள் அதை நம்மூருக்குக் கொண்டுவந்த மாதிரியே ஜப்பானுக்கும் கொண்டுபோயின. அங்கிருந்து 16-ம் நூற்றாண்டின் கடைசியில், ஜப்பான் கொரியா மீது படையெடுத்த காலத்தை ஒட்டி இந்தப் பக்கம் வந்தது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு. 1614-ல் வந்த ஒரு கொரிய நூல் மிளகாயை ‘ஜப்பான் கடுகு’ என்கிறது. மிளகின் பெயரைக் கடன் வாங்கி ‘மிளகாய்’ என்று நாம் வைத்துக்கொண்டது போலத்தான். 1766-ல் வந்த நூலில்தான் மிளகாய் போட்ட கிம்ச்சி இடம்பெறுகிறது. இன்னொரு ஆச்சரியம், அந்தக் கெட்டியான நீள முட்டைக்கோஸ் சீனாவிலிருந்து வந்து பரவியது 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில். இன்று ‘ஆதிகாலத்து’ உணவு என்று நினைக்கும் சிவப்புக் கிம்ச்சிக்கு வயது நம் கொள்ளுத்தாத்தா அளவுதான்!

சரி, துரோகி எங்கே வந்தார்? வருகிறார்.

1895 அக்டோபர் 8, விடியற்காலை. சியோல் அரண்மனைக்குள் ஜப்பானியர்கள் கத்தியோடு புகுந்து, தங்களை எதிர்த்த கொரிய ராணி மின்னைக் கொன்றார்கள். ஜப்பானியர் பயிற்சி கொடுத்த ஒரு கொரியப் படையும் அவர்களோடு சேர்ந்துகொண்டது. அதன் தளபதிகளில் ஒருவர் ஊ பொம்சொன். பிறகு அவர் ஜப்பானுக்குத் தப்பி ஓடி, ஒரு ஜப்பானியப் பெண்ணை மணந்துகொண்டார். 1898-ல் மகன் பிறந்தான். பெயர் ஊ ஜங்சுன். பையனுக்கு ஐந்து வயதாகும்போது, ராணியின் கொலைக்குப் பழி வாங்க வந்த ஒரு கொரியர் தகப்பனைத் தீர்த்துக்கட்டினார்.

தாயிடம் காசு இல்லை. கொஞ்ச காலம் பையனை அனாதை விடுதியில் விட வேண்டியிருந்தது. ஜப்பானில் அவன் கொரியப் பயல். கொரியாவிலோ ராஜத்துரோகியின் பிள்ளை. படித்துப் பயிர் விஞ்ஞானி ஆனார். 1935-ல் முட்டைக்கோஸ், டர்னிப், கடுகு வகைகள் எப்படிக் கலந்து புதிய இனங்கள் உருவாகின என்பதை ஒரு முக்கோணமாக வரைந்து காட்டினார். ‘ஊ முக்கோணம்’ என்று உலகம் முழுக்கத் தாவரவியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். நாம் தாளிக்கிற கடுகும் அந்த முக்கோணத்தின் ஒரு பக்கத்தில் இருக்கிறது!

1945-ல் ஜப்பான் தோற்றது. கொரியாவுக்கு விடுதலை. ஆனால் அதுவரை நல்ல காய்கறி விதைகள் ஜப்பானிலிருந்தே வந்துகொண்டிருந்தன, அது நின்றுபோனது. நாமே விதை எடுத்துக்கொள்ளலாமே என்றால், முட்டைக்கோஸ் அதற்கு ஒத்துழைக்காது. பக்கத்து வயலில் டர்னிப் பூத்திருந்தால் அதோடு கலந்துவிடும். அடுத்த வருஷம் கெட்டியாகச் சுருளாமல் வெறும் இலையாக விரிந்து நிற்கும். கிம்ஜாங்குக்கு முட்டைக்கோஸ் இல்லையென்றால் நான்கு மாதக் குளிரை எதை வைத்து ஓட்டுவது?

‘ஊ ஜங்சுன்னைக் கூப்பிடுவோம்’ என்று யாருக்கோ தோன்றியது. துரோகியின் மகனையா? ஆமாம், அவரைத்தான். மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் ஜப்பானிலேயே விட்டுவிட்டு, 1950 மார்ச்சில் 51 வயது மனிதர் பூசானில் வந்து இறங்கினார். கொரிய மொழி சரியாகப் பேச வராது. மூன்றே மாதத்தில் கொரியப் போர் வெடித்தது. வட கொரியப் படைகள் நாட்டின் பெரும்பகுதியை விழுங்கின. பூசான் மூலை மட்டும் மிஞ்சியது. அவருடைய தோட்டம் அந்த மூலையில் இருந்தது! ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, மனுஷர் பாட்டுக்குப் பாத்திகளுக்கு நடுவில் முட்டைக்கோஸையும் முள்ளங்கியையும் கலந்து பிரித்துக்கொண்டிருந்தார்.

1953-ல் ஜப்பானில் அவருடைய தாய் இறந்துபோனார். தன்னந்தனியாக இருந்து ஆளாக்கிய அம்மா. போய்வர அனுமதி கேட்டார். அரசாங்கம் மறுத்துவிட்டது. போனால் திரும்ப மாட்டார் என்ற பயம். அப்பாவின் பாவத்தைப் பிள்ளையின் கணக்கில் எழுதுவது என்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் சண்டை போடவில்லை. பூசானிலேயே அஞ்சலிக் கூட்டம் நடத்தினார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கொடுத்த பணத்தில் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு கிணறு வெட்டினார். தண்ணீருக்குக் கஷ்டப்பட்ட அக்கம்பக்கத்து ஜனங்களும் அதில் இறைத்துக்கொண்டார்கள். தாயின் அன்பைப் பாலுக்கு ஒப்பிட்டு ‘அன்புப் பால் ஊற்று’ என்ற பொருளில் பெயர் வைத்தார். அந்தக் கிணறு இன்றும் இருக்கிறது.

1950-களின் கடைசியில் முட்டைக்கோஸ், முள்ளங்கி விதைக்கு ஜப்பானை எதிர்பார்க்க வேண்டாம் என்ற நிலைமை வந்தது. 1959 ஆகஸ்ட்டில் அவர் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருந்தபோது, அரசு அவசர அவசரமாக ஒரு பதக்கம் கொண்டுவந்து கொடுத்தது. தாய்நாடு என்னை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நெகிழ்ந்தாராம். சில நாட்களில் போய்விட்டார். விதையில்லாத தர்பூசணியைக் கண்டுபிடித்தவர் என்று பல வருஷம் கொரியப் பிள்ளைகள் அவரைப் பற்றிப் படித்தார்கள். அது தப்பு. அதை உருவாக்கியவர் கிஹாரா என்ற ஜப்பானியர். ஊ விளைவித்துக் காட்டினார், அவ்வளவே. முட்டைக்கோஸை விடத் தர்பூசணி கதை சுவாரஸ்யம் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது!

பிறகு ஜனங்கள் அடுக்குமாடிக்குக் குடிபோனார்கள். புதைக்கக் கொல்லை இல்லை. 1995-ல் ‘திம்சே’ என்ற பெயரில் கிம்ச்சிக்கென்றே ஒரு ஃப்ரிஜ் வந்து சக்கைப் போடு போட்டது. மண்ணுக்குள் இருந்த அதே குளிர், கரன்ட்டில்! 2010-ல் மழையால் விளைச்சல் கெட்டு ஒரு முட்டைக்கோஸ் பத்தாயிரம் வோனைத் தாண்டியபோது, ‘எனக்கு உருண்டைக் கோஸில் கிம்ச்சி போடுங்கள்’ என்றார் ஜனாதிபதி லீ ம்யுங்பாக். உருண்டைக் கோஸும் அதே விலைதான் என்று ஜனங்கள் அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்கள். 2013-ல் கிம்ஜாங்கை யுனெஸ்கோ மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு வருஷம் கழித்து வட கொரியாவும் தன் கிம்ச்சியைச் சேர்த்துக்கொண்டது.

நடுவில் ஒரு விஷயம் நடந்திருந்தது. 1997-ல் கொரியப் பொருளாதாரம் சரிந்தபோது, பெரிய விதைக் கம்பெனிகளை வெளிநாட்டவர் வரிசையாக வாங்கிப் போட்டார்கள். முதலிடத்தில் இருந்த ஹுங்னொங் 1998-ல் செமினிஸ் கைக்குப் போனது. 2005-ல் செமினிஸையே மான்சான்டோ வாங்கியது. முட்டைக்கோஸ், முள்ளங்கி விதைகளும் கூடவே போயின. 2012-ல் ஒரு கொரியக் கம்பெனி பணம் கொடுத்து அவற்றில் பலவற்றைத் திரும்ப வாங்கியது. காரம் என்றால் கொரியர்கள் உயிரை விடும் சொங்யாங் மிளகாய் அந்தப் பேரத்தில் சேரவில்லை.