தூசி இயந்திரத்துக்கு ஒரு மறுபிறவி

பாடாலூர் வட்டாரத்தில் கல் குவாரிக்கும் கிரஷருக்கும் பக்கத்தில் குடியிருப்பவர்கள் தூசிக்குப் பயந்து சன்னலைச் சாத்தி வைப்பார்கள். இரவில் மூச்சுக்குத் துணையாகக் கட்டிலோரம் வைக்கும் சீபேப் கருவியின் மூதாதை, அந்தத் தூசியை உறிஞ்சப் பிறந்த வேக்குவம் கிளீனர்தான்.

1936-இல் லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் மருத்துவர் பவுல்டன், அதன் உறிஞ்சும் பக்கத்தை விட்டுவிட்டு ஊதும் பக்கத்தில் குழாயை மாட்டினார். முகமூடி வழியே நோயாளிக்குள் காற்று அழுத்தமாகப் போனது. இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆஸ்துமா இழுப்புக்கும் உதவும் என்று கருதினார். முதலில் சில நிமிடம் சும்மா ஓடவிட்டு, உள்ளிருக்கும் தூசியை வெளியேற்றிவிட வேண்டும் என்பது அவர் சொன்ன எச்சரிக்கை.

1971-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிரிகரி, குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் சுருங்கிவிடாமல் தாங்க இதே காற்றழுத்தத்தைப் பயன்படுத்தினார். 1980-இல் சிட்னியில் காலின் சல்லிவன் அதை உறக்கத்துக்குக் கொண்டுவந்தார். குறட்டையோடு தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் நோயாளிக்கு, அதுவரை கழுத்தில் துளையிடுவதே வழி. அவரோ வேக்குவம் கிளீனர் மோட்டாரால் மூக்கு வழியே காற்றை ஊதினார். தொண்டை திறந்தே இருந்தது. 1981-இல் ஐந்து நோயாளிகளின் அனுபவம் 'லான்செட்' இதழில் வெளியானது. அன்று இரைந்த இயந்திரம் இன்று தலையணையோரம் அடங்கிவிட்டது.

ஆனால் அது தருவது வெறும் காற்று, ஆஸ்துமாவுக்கு மருந்து இல்லை. ஆஸ்துமாவில் வீங்கிச் சுருங்குவது நெஞ்சுக்குள் இருக்கும் சிறு மூச்சுக்குழாய்கள். அந்த வீக்கத்தை அடக்குவது தினமும் இழுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர். இழுப்போடு பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் உள்ளவருக்குத்தான் சீபேப் பேச்சே வரும். தூக்கப் பரிசோதனையில் மூச்சுத் தடை உறுதியானால், தொண்டையைத் திறந்து வைப்பது ராத்திரி இழுப்பையும் குறைக்கக்கூடும்.

அப்படி ஒரு சீபேப் கருவி பாடாலூர் வீட்டுக்கு வந்தால், பழைய பகை புதுப்பிக்கப்படும். குவாரித் தூசி ஃபில்டரை அடைக்கும். அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும். ஈரமூட்டும் தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படியும்; டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும். முகமூடியைத் தினமும் கழுவ வேண்டும். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

நடுராத்திரியில் இழுப்பு வந்தால் இந்த மிஷினை நம்பிப் படுத்திருக்காதீர்கள். மருத்துவர் சொன்னபடி நிவாரண இன்ஹேலரை எடுங்கள். அடங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.