இலண்டன் மாநகரில் நாய்களுக்கோர் இல்லம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, உலகத்துச் செல்வமெல்லாம் வந்து குவியும் பெருநகராய் இலண்டன் விளங்கியது. அச்செல்வத்தின் நிழலிலே வறுமையும் பெருகிற்று. செல்வர் மனைகளில் நாய்கள் மெத்தைமேல் உறங்கின. ஆயினும், முதுமையுற்றோ நோயுற்றோ, அன்றி உடையவரின் விருப்பம் மாறியோ தெருவில் விடப்பட்ட நாய்க்கு அந்நகரிற் புகலிடம் இருந்ததில்லை. விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் சங்கமொன்று 1824ஆம் ஆண்டிலேயே அங்கு தோன்றியிருந்தது உண்மையே. ஆனால் அச்சங்கத்தின் தலையாய வேலை அடிப்பவனின் கையைப் பிடிப்பது. பசித்துக் கிடப்பதற்குச் சோறிடுவது அன்று.

இக்குறையை நிரப்ப முன்வந்தவர் மேரி ரீல்பி என்னும் அம்மையார். அவர் பெருஞ்செல்வரும் அல்லர், செல்வாக்குடையவரும் அல்லர். கணவரைப் பிரிந்து, பாதிரியாரான தம் சகோதரருடன் வாழ்ந்துவந்த அவருக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. கனன்பரி என்னும் பகுதியில் வசித்த அவருடைய தோழி ஒருவர், பட்டினியால் உயிர் பிரியும் நிலையிற் கிடந்த நாயொன்றைத் தெருவிற் கண்டு தம் வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். இருவரும் முயன்று பார்த்தும் அந்நாய் பிழைக்கவில்லை. எனினும் முயற்சி அத்துடன் நின்றுவிடவில்லை. 1860ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், ஹொலோவே என்னுமிடத்தில் குதிரைலாயங்களை வாடகைக்கு எடுத்து, காணாமற்போனவையும் பட்டினி கிடப்பவையுமான நாய்களுக்குத் தற்காலிக இல்லம் என்னும் பெயரால் ஒரு நிலையத்தை அம்மையார் தொடக்கினார்.

நேயர்கள் அப்பெயரிலுள்ள ‘தற்காலிக’ என்ற சொல்லைக் கவனித்தல் வேண்டும். நாய்களைக் காலமெல்லாம் அடைத்துவைத்துப் போற்றுவது அவர்கள் கருத்தன்று. உடையவர் தேடிவந்தால் தீன்செலவைப் பெற்றுக்கொண்டு நாயை ஒப்படைத்தனர். பதினான்கு நாட்களுள் எவரும் வராவிடின் அதனை விற்றுச் செலவை ஈடுசெய்யவோ வேறு வழி செய்யவோ குழுவினருக்கு உரிமையிருந்தது. அரசாங்கப் பணம் ஒரு சதமும் இல்லை. அன்பர்கள் அளித்த சந்தாவும் நன்கொடையுமே முதல்.

நகைப்புக்குக் குறைவிருக்கவில்லை. அவ்வாண்டிலேயே இலண்டன் ‘ரைம்ஸ்’ பத்திரிகை இம்முயற்சியை எள்ளி எழுதிற்று. மனிதர் வீடின்றி வாடும் நகரிலே நாய்க்கு வீடா என்பதே வினா. இவ்வினா இன்றும் நம்மிடையே கேட்கப்படுவதுதான். ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் இருந்த எனக்குப் புலப்பட்ட தொன்றுண்டு: இதனைக் கேட்போருட் பலர் வீடற்ற மனிதருக்கும் எதுவும் கொடுப்பவரல்லர். சாள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையோ 1862ஆம் ஆண்டில் வேறு விதமாய்ப் பேசிற்று. இஸ்லிங்ரனில் நடந்த பரிசுநாய்க் கண்காட்சியையும், அதற்கு அணித்தேயுள்ள ஹொலோவே இல்லத்தையும் இரு நாய்க்காட்சிகள் என ஒப்புநோக்கி, இரண்டாவதன்பால் வாசகரின் உள்ளத்தைத் திருப்பிற்று. 1865ஆம் ஆண்டு ஒக்ரோபரில் மேரி அம்மையார் நோயுற்றுக் காலமானார். ஐந்தாண்டுகளே அவர் அப்பணியை நடத்தினார்.

அவர் மறைந்தபின்பே உண்மைச் சோதனை வந்தது. 1867ஆம் ஆண்டுச் சட்டமொன்று, கேட்பாரற்றுத் திரியும் நாய்களைப் பிடிக்கும் அதிகாரத்தைப் பொலிசாருக்கு வழங்கியது. பிடித்த நாய்களை எங்கே விடுவது? இல்லத்தார் அப்பொறுப்பை ஏற்றனர். குரைப்பொலியைப் பற்றி ஹொலோவே அயலவர் முறையிட்டு வந்தமையால், 1871ஆம் ஆண்டில் இல்லம் தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள பற்றர்சீயிற் புகையிரதப் பாதைகளின் நடுவே இடம்பெயர்ந்தது. பொலிசார் கொணர்ந்தவை வெள்ளமெனப் பெருகின. மூன்று நாட்களுக்குள் உடையவரும் வராமல், ஏற்பவரும் கிடைக்காமற்போன நாய்களைக் கொல்ல வேண்டியதாயிற்று. காப்பதற்கென்று திறந்த கதவே கொலைக்களத்தின் வாயிலுமாயிற்று. மயக்கமருந்து ஆராய்ச்சியிற் பெயர்பெற்ற மருத்துவர் ரிச்சட்சன் என்பார், நோவின்றி உயிர்நீக்கும் அறையொன்றை 1884ஆம் ஆண்டில் அங்கு அமைத்துக் கொடுத்தார். அதனை அக்காலத்தோர் இரக்கத்தின் சாதனை என்றே போற்றினர். அவர்களை எளிதிற் பழித்தல் தகாது. தெருவிலே தடியடிபட்டுச் சாவதினும் அது மேலன்றோ? எனினும், அது தோல்வியை மென்மையாக்கியதேயன்றி வெற்றியன்று என்பதே என் துணிபு.

1885ஆம் ஆண்டில் விக்ரோறியா மகாராணியார் இல்லத்தின் காப்பாளரானார். நாய்களை மூன்று நாட்களன்றி ஐந்து நாட்களாவது வைத்திருத்தல் வேண்டுமென்று அவர் விரும்ப, அவ்வாறே ஆயிற்று. அதே ஆண்டிற்றான் லூயி பாஸ்ரர் நீர்வெறுப்பு நோய்க்குரிய தடுப்பு மருந்தை முதன்முதல் மனிதருக்குச் செலுத்தினார். ஆனால் விசர்நாய் பற்றிய அச்சம் அதனால் உடனே தணியவில்லை. இலண்டனில் வாய்க்கூடின்றித் திரிந்த நாய்களெல்லாம் பிடிபட்டன. பற்றர்சீயின் சுமை பன்மடங்காயிற்று.

அவ்வச்சம் கடல்கடந்து நம் நாட்டையும் எட்டிற்று. இலங்கையின் நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டில் பிறந்தது. கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வதே இங்கு நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. அவ்வாறு கொன்றும், 1970ஆம் ஆண்டுகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் இந்நோயால் மாண்டனர். 2006ஆம் ஆண்டில் கொல்லாக் கொள்கை அறிவிக்கப்பட்டபின், தடுப்பூசியும் கருத்தடையும் அதன் இடத்தைப் பெற்றன. நோயால் இறப்போர் தொகை முன்னிலும் மிகக் குறைந்தது.

கருத்தடை என்னும் இவ்வழி மேரி அம்மையாரின் காலத்தவர்க்குக் கிட்டாத ஒன்று. எத்தனை நாய்களை ஏற்றாலும் தெருவில் அதனினும் மிகுதியாகப் பிறந்துகொண்டேயிருந்ததை அவர்களால் தடுக்க இயலவில்லை. நம் ஊர்களிலோ, கடுவன் குட்டியை எவரேனும் கேட்டு வாங்கிச் செல்வர். பெட்டைக்குட்டிகளே சாக்கிற் கட்டப்பட்டுச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விடப்படுகின்றன. இன்று நாய்களுக்கு வீடு தேடும் தொண்டர்கள், பெட்டைக்குட்டிக்குக் கருத்தடை செய்வித்த பின்னரே அதனை வளர்க்க ஏற்பாரைத் தேடுகின்றனர். அவ்வாறு செய்தபின், அதனையும் கேட்டு வாங்குவோர் உளர்.